முகப்புக் கூடத்துக் கோலமும் பறிபோன விடுமுறையும்



ஆகஸ்டு மாதம் பிறந்துவிட்டால் போதும், பன்னாட்டு நிறுவனங்களின் அலுவலகங்களில் கொடிகள் முளைத்துவிடுகின்றன. முகப்புக் கூடத்தில் ஜாலோர் கெமிலாங், தூண்களில் வண்ணத் தாள், மேசையில் நாசி லெமாக் பொட்டலங்கள், பாத்தேக் சட்டையில் வெளிநாட்டு மேலாளர், அவரைச் சுற்றிப் புன்னகையோடு நம்மவர்கள். தீபாவளி நெருங்கினால் அதே கூடத்தில் வண்ண அரிசிக் கோலம், தட்டு நிறைய முறுக்கு, ஜிப்பாவும் சேலையும். படங்கள் எடுக்கப்படுகின்றன. அவை அன்று மாலைக்குள் நிறுவனத்தின் பக்கத்திலும் பணியாளர்களின் பக்கங்களிலும் ஏறிவிடுகின்றன. "எங்கள் நிறுவனம் உள்நாட்டுப் பண்பாட்டை எவ்வளவு மதிக்கிறது, பாருங்கள் ஆசிரியை!" என்று பெற்றோர் சிலர் கைப்பேசியை என்னிடம் நீட்டிக் காட்டுகின்றனர். அவர்களின் மகிழ்ச்சி உண்மையானது. அதைக் குறைத்து மதிப்பிட எனக்கு விருப்பமில்லை.

ஆனால் ஒன்றைக் கேட்டாக வேண்டும். அந்தப் படம் எந்த நாளில் எடுக்கப்பட்டது? விழாவுக்கு முதல் நாளா, அல்லது விழா நாளிலேயா? விழா நாளிலேயே என்றால், அன்று அவர் அங்கே என்ன செய்துகொண்டிருந்தார்?

அலுவலகத்தில் விழா எடுப்பதை நான் எதிர்க்கவில்லை. கூடிப் பணிபுரிவோர் கூடி உண்பது நல்லது. விடுமுறையை எடுத்துக்கொண்டு, அதன் இடத்தில் விழாவை வைப்பதைத்தான் எதிர்க்கிறேன். இவ்விரண்டும் ஒன்றல்ல. ஒன்று போல் காட்டப்படுவதால்தான் இதை எழுதுகிறேன்.

பொது விடுமுறையின் பொருள்

விடுமுறை என்பது வேலை செய்யாத நாள் என்று பலர் எண்ணுகின்றனர். அது பாதிதான் உண்மை. வேலை செய்யாத நாளுக்கு 'ஓய்வு நாள்', 'ஆண்டு விடுப்பு', 'மருத்துவ விடுப்பு' என்று வேறு பெயர்கள் இருக்கின்றன. 'பொது விடுமுறை' என்ற சொல்லில் அழுத்தம் விழ வேண்டிய இடம் 'பொது' என்பதாகும். எல்லாரும் ஒரே நாளில் ஓய்ந்திருப்பதால்தான் அது பொது. தந்தையும் தாயும், பிள்ளையும் பாட்டியும், அடுத்த வீட்டு மலாய்க்காரரும் எதிர்க்கடைச் சீனரும் அதே நாளில் ஓய்ந்திருக்கின்றனர். அதனால்தான் ஒருவர் வீட்டுக்கு மற்றவர் போக முடிகிறது.

நான் குளுவாங்கிற்கு அருகில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவள். தந்தையார் பால்வெட்டுத் தொழிலாளி. தோட்ட வாழ்வைப் பொற்காலம் என்று எவரேனும் சொன்னால் நான் ஒப்பமாட்டேன். விடியுமுன் பெரட்டு, மழை பெய்தால் கூலி குறைவு, ஒழுகும் லயத்து வீடு ஆகியவற்றைக் கண்ணால் கண்டவள் நான். இருப்பினும் ஒன்று சொல்வேன். தீபாவளியன்று அந்தத் தோட்டமே ஓய்ந்து கிடந்தது. மரத்தில் கத்தி படவில்லை, மங்கில் பால் விழவில்லை. கிராணியும் தண்டலும் தொழிலாளியும் அதே நாளில்தான் எண்ணெய் தேய்த்துக் குளித்தனர். அப்பா வீட்டில் இருந்தார், என் தோழியின் அப்பாவும் வீட்டில் இருந்தார். ஒரு வீட்டின் அதிரசம் பத்து வீட்டுக்குப் போனது. அந்த நாளை எங்களுக்கு விழாவாக்கியது இந்த ஒருமிப்புதான். முறுக்கும் மத்தாப்பும் அதற்குப் பின் வந்தவை.

இன்று அதே தோட்டத்து மக்களின் பிள்ளைகள் படித்து முன்னேறியிருக்கின்றனர். சிலர் சைபர்ஜெயாவில், சிலர் ஜொகூர் பாருவில், சிலர் பாலம் கடந்து சிங்கப்பூரில் பணிபுரிகின்றனர். ஊதியம் உயர்ந்துள்ளது, குளிரூட்டிய அறை கிடைத்துள்ளது. இந்த முன்னேற்றத்தை வாழ்த்துகிறேன். ஆனால் பலருக்கு அந்த ஒருமித்த நாள் கைநழுவிப் போய்விட்டது. அதன் இடத்தில் 'மாற்று விடுமுறை' என்ற ஒன்று தரப்படுகிறது. தீபாவளிக்குப் பதிலாக அடுத்த மாதம் ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை! அந்தச் செவ்வாய்க்கிழமை பிள்ளை பள்ளியில் இருக்கிறான், மனைவி வேலையில் இருக்கிறாள், கோயில் வெறிச்சோடிக் கிடக்கிறது. கணக்கில் ஒரு நாளுக்கு ஒரு நாள் சரியாகிவிட்டது. வாழ்க்கையில் சரியாகவில்லை.

ஜொகூர்வாசிகளாகிய நமக்கு இதை எவரும் விளக்கத் தேவையில்லை. 2014 ஜனவரி முதல் 2024ஆம் ஆண்டு முடியும்வரை நம் மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியுமாக இருந்தது. பள்ளிகளும் அரசு அலுவலகங்களும் அதன்படி இயங்கின. தனியார் நிறுவனங்கள் பலவும் சிங்கப்பூரையும் கோலாலம்பூரையும் ஒட்டிச் சனி, ஞாயிறு என்றே இருந்தன. பிள்ளைக்கு வாரத்தில் இரண்டு நாள் ஓய்வு, பெற்றோருக்கும் இரண்டு நாள் ஓய்வு. எண்ணிக்கையில் குறைவில்லை. ஆனால் இருவரும் சேர்ந்திருந்தது சனிக்கிழமை ஒன்றுதான். அந்தச் சனிக்கிழமையும் வேலை இருந்த வீடுகளில் ஒரு நாளும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில், வீட்டில் ஓய்வாக இருக்கும் தந்தையை விட்டுவிட்டு முகம் வாடிப் பள்ளிக்கு வந்த குழந்தைகளை அந்தப் பதினோராண்டும் ஆசிரியர்கள் பார்த்தோம். 2025 ஜனவரியிலிருந்து மாநிலம் மீண்டும் சனி, ஞாயிறுக்குத் திரும்பியபோது பல பெற்றோர் பெருமூச்சு விட்டனர். ஒரு நாள்கூடக் கூடுதலாகக் கிடைக்கவில்லை, இருந்த நாள்கள் ஒருமித்தன, அவ்வளவே! ஓய்வின் பயன் அதன் எண்ணிக்கையை மட்டும் பொறுத்ததல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

எவருடைய நாட்காட்டி?

வெளிநாட்டு வாடிக்கையாளருக்குச் சேவை செய்யும் மையங்களில் பணிபுரிவோர் பலர் வாடிக்கையாளரின் நாட்காட்டியையே பின்பற்றுகின்றனர். இங்கிலாந்தின் வங்கிக்கோ காப்பீட்டு நிறுவனத்திற்கோ கணக்குப் பார்ப்பவருக்கு இங்கிலாந்தின் விடுமுறையே விடுமுறை. நம் தேசிய தினம் அவருக்கு மற்றுமொரு வேலை நாள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இங்கிலாந்தில் ஆகஸ்டு மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை பொது விடுமுறை. அதை 'வங்கி விடுமுறை' என்பர். 2020ஆம் ஆண்டில் ஆகஸ்டு 31 திங்கட்கிழமையில் வந்தது. 2026ஆம் ஆண்டிலும் அவ்வாறே திங்கட்கிழமை. இத்தகைய ஆண்டுகளில் அந்த ஊழியருக்கும் ஆகஸ்டு 31 விடுமுறையாக அமைந்துவிடும். எதற்காக? 1957இல் நாம் விடுதலை பெற்றதற்காக அல்ல. எவரிடமிருந்து விடுதலை பெற்றோமோ அவருடைய நாட்டில் வங்கிகள் அடைத்திருப்பதற்காக! சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இந்நாட்டுத் தமிழருக்குப் பன்னாட்டு நிறுவனம் புதிதன்று. நம் பாட்டன் பூட்டன் இங்கு வந்து இறங்கியதே அத்தகைய நிறுவனங்களின் தோட்டங்களில்தான். கத்ரி, ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்ஃபீல்டு, டன்லப் என்ற பெயர்களை அறியாத தோட்டத்து முதியவர் எவர்? துரை இங்கே இருந்தார், துரைக்குத் துரை இலண்டனில் இருந்தார். அன்றைய பிரிட்டிஷ் பேரரசில் விக்டோரியா மகாராணி பிறந்த மே 24ஆம் நாள் 'பேரரசு தினம்' என்று கொண்டாடப்பட்டது. ஆளுகின்றவரின் நாள் ஆளப்படுகின்றவருக்கும் பெருநாளாக இருந்த காலம் அது. விடுதலை என்பது கொடியை மாற்றியதோடு நாட்காட்டியையும் மாற்றியது. எந்த நாளில் ஓய்ந்திருப்பது, எந்த நாளை நினைவில் வைப்பது என்பதை நாமே தீர்மானிக்கும் உரிமை அன்றுதான் வந்தது. 1981 செப்டம்பர் 7ஆம் நாள் இலண்டன் பங்குச் சந்தையில் கத்ரியின் பங்குகளை நம் நாட்டின் தேசிய முதலீட்டு நிறுவனமான பெர்மோடாலான் நேஷனல் வாங்கிக் குவித்ததை வரலாறு பெருமையோடு பேசுகிறது. தோட்டத்தை மீட்டோம், நன்று! நாட்காட்டியைத் திரும்பக் கொடுத்துவிட்டோமே!

சட்டம் சொல்வது என்ன?

'நிறுவனம் கொடுத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை' என்று எண்ணும் பெற்றோர் பலர் உள்ளனர். விடுமுறை நிறுவனத்தின் கொடை அன்று. தீபகற்ப மலேசியாவுக்கும் லாபுவானுக்கும் பொருந்தும் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 60டி பிரிவு அதைத் தெளிவாக வரையறுக்கிறது. ஒவ்வோர் ஆசிரியரும் பெற்றோரும் அறிந்திருக்க வேண்டியவை இவை.

முதலாவது: ஊழியர் ஒருவருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 11 பொது விடுமுறைகள் ஊதியத்தோடு தரப்பட வேண்டும். அவற்றுள் 5 நாள்கள் சட்டமே பெயர் குறிப்பிட்டவை: தேசிய தினம், மாமன்னர் பிறந்தநாள், மாநில ஆட்சியாளர் பிறந்தநாள் (கூட்டரசுப் பிரதேசங்களில் கூட்டரசுப் பிரதேச தினம்), தொழிலாளர் தினம், மலேசிய தினம். செப்டம்பர் 16 ஆகிய மலேசிய தினம் 2010 முதல்தான் நாடு முழுமைக்கும் பொது விடுமுறையானது. பின்னர் 2012இல் நடப்புக்கு வந்த திருத்தத்தில் அது கட்டாயப் பட்டியலில் சேர்ந்தது. பத்தாக இருந்த எண்ணிக்கை பதினொன்றானதும் அப்போதுதான்.

இரண்டாவது: எஞ்சிய 6 நாள்களை அரசிதழில் அறிவிக்கப்பட்ட மற்ற விடுமுறைகளிலிருந்து முதலாளி தேர்ந்தெடுக்கலாம். ஆனால் எவை அந்த ஆறு என்பதை ஆண்டு தொடங்குமுன் பணியிடத்தில் எல்லாரும் காணுமாறு அறிவிப்பாக ஒட்ட வேண்டும். ஊழியரும் இணங்கினால் இந்த ஆறில் எதற்கும் வேறொரு நாளை மாற்றாகத் தரலாம். முதல் ஐந்துக்கு இந்த மாற்று இல்லை.

மூன்றாவது: பொது விடுமுறையன்று வேலைக்கு அழைக்கச் சட்டம் இடம் தருகிறது. அதற்கு விலையும் வைத்திருக்கிறது. மாத ஊதியக்காரருக்கு, மாத ஊதியத்திலேயே அடங்கியுள்ள அந்த நாளின் ஊதியம் போக, மேலும் இரண்டு நாள் ஊதியம் தரப்பட வேண்டும்.

நான்காவது: 2023 ஜனவரி 1 முதல் இச்சட்டம் எல்லா ஊழியர்களுக்கும் விரிவாக்கப்பட்டுள்ளது. ஆனால் மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் ஊதியம் பெறுவோருக்கு, விடுமுறை நாளில் வேலை செய்வதற்கான கூடுதல் ஊதியத்தை இச்சட்டம் உறுதி செய்யவில்லை. அவர்களுக்குப் பணி ஒப்பந்தம் சொல்வதே கணக்கு. விடுமுறை பெறும் உரிமை உண்டு, பறிபோனால் விலை மட்டும் இல்லை. பன்னாட்டு அலுவலகங்களில் பணிபுரியும் நம் பட்டதாரிப் பிள்ளைகளில் எத்தனை பேர் இந்தக் கோட்டுக்கு மேலே நிற்கின்றனர் என்பதை எண்ணிப் பாருங்கள். அவர்களை விடுமுறையன்று அழைப்பது நிறுவனத்திற்கு ஏறத்தாழ இலவசம். ஒரு பெட்டி கேக்கின் செலவுதான்!

தீபாவளியைக் கவனித்தீர்களா? கட்டாய ஐந்தில் அது இல்லை. மற்றப் பண்டிகைகளும் இல்லை. எஞ்சிய ஆறில் சீனப் புத்தாண்டுக்கு இரண்டு, நோன்புப் பெருநாளுக்கு இரண்டு என்று ஒதுக்கினால் மீதம் இரண்டே. அந்த இரண்டு இடத்திற்குத் தீபாவளி, கிறிஸ்துமஸ், விசாகம், ஹஜ்ஜுப் பெருநாள், நபிகள் பிறந்தநாள், அவால் முஹாரம், ஜொகூரில் தைப்பூசமும் வரிசையில் நிற்கின்றன. பெரும்பாலான முதலாளிகள் தீபாவளியைத் தருகின்றனர், மறுக்கவில்லை. ஆனால் வழக்கம் வேறு, உறுதி வேறு. கேட்பாரற்ற இடத்தில் முதலில் விழுவது வழக்கம்தான்.

எவரையும் நெருடாத விழா

இதே கதையைத் தமிழ்நாட்டிலும் காணலாம். அங்கே 1958ஆம் ஆண்டிலேயே தொழில் நிறுவனங்களுக்கான தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாள்களும் மேலும் ஐந்து பண்டிகை நாள்களும் அதில் உறுதி செய்யப்பட்டுள்ளன. சட்டம் இயற்றியவர்கள் நாட்டின் நாளையும் ஊரின் நாளையும் மக்கள் ஒருமித்துக் கழிக்க வேண்டும் என்று கருதினர். பின்னர் சென்னையின் பழைய மாமல்லபுரம் சாலையில் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்தன. அமெரிக்க வாடிக்கையாளருக்காக இயங்கும் குழுக்களுக்கு நவம்பரின் நான்காம் வியாழனில் வரும் 'நன்றி கூறும் நாள்' வேலை குறையும் நாளாயிற்று. சொந்த ஊரின் பண்டிகை நாள் முறை வைத்துக் காவல் காக்கும் நாளாயிற்று.

2007 ஏப்ரலில் மைசூரில் நடந்த ஒன்றையும் நினைவுகூரலாம். இன்போசிஸ் நிறுவன வளாகத்திற்கு அன்றைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் வருகை தந்தார். அந்நிகழ்ச்சியில் தேசிய கீதம் பாடப்படவில்லை, இசைக்கருவியில் மட்டும் இசைக்கப்பட்டது. காரணம் கேட்டபோது, அங்கிருந்த வெளிநாட்டவருக்குச் சங்கடம் ஏற்படக்கூடாது என்ற பொருள்பட நிறுவனத் தலைவர் நாராயண மூர்த்தி விளக்கம் தந்தார். கடும் எதிர்ப்பு எழுந்தது, அவர் வருத்தம் தெரிவித்தார். இத்தனைக்கும் அது இந்தியாவிலேயே பிறந்த நிறுவனம்! ஒருவரைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. பல நாட்டவர் கூடும் அலுவலகத்தில் ஒரு நாட்டின் விழா எவ்வாறு இளைத்துப் போகிறது என்பதற்காகச் சொல்கிறேன். எவரையும் நெருடாதது மட்டும் எஞ்சுகிறது. நிறம் எஞ்சுகிறது, பலகாரம் எஞ்சுகிறது, உடை எஞ்சுகிறது. 'எதற்காக இந்த நாள்?' என்ற கேள்வி எஞ்சுவதில்லை. ஏனெனில் அக்கேள்விக்கு விடை, 'ஒரு காலத்தில் எங்கள் உழைப்பின் பயன் கடல் கடந்து போயிற்று' என்பதில் தொடங்கும். அதை எந்த முகப்புக் கூடத்தில் எழுதி ஒட்டுவது?

எதிர்வாதங்கள்

"பெரிய நிறுவனம் இந்த அளவாவது கொண்டாடுகிறதே!" என்பர் சிலர். நாம் பசிக்கு நின்றவர்கள் அல்லர், உரிமைக்கு நிற்பவர்கள். கோலத்திற்கு நன்றி கூறலாம், விடுமுறையையும் கேட்கலாம். ஒன்று மற்றொன்றுக்கு விலையாகக் கூடாது.

"மருத்துவமனையும் தீயணைப்பும் மின்சாரமும் விடுமுறை பார்க்குமா?" என்பர். பார்க்காது, பார்க்கவும் கூடாது. விழா நாளில் நோயாளியின் பக்கத்தில் நிற்கும் தாதிக்கு நான் தலைவணங்குகிறேன். அவர் தம் விழாவை விட்டுக்கொடுப்பது மற்றவர் விழா நல்லபடி நடப்பதற்காக. ஆனால் எங்கோ ஒரு நாட்டில் ஒருவர் தம் கடன் அட்டையின் மீதத் தொகையைக் கேட்டறிய, இங்கே ஒரு தாய் தீபாவளிக் காலையில் காதில் கருவி மாட்டி அமர்வது அந்த வகையில் சேராது. ஒரு நாள் பொறுத்தால் எவர் உயிரும் போகாது.

"கூடுதல் ஊதியம் கிடைக்கிறதே, குடும்பத்திற்கு உதவுமே!" என்பர். இது மெய்யான வாதம். வீட்டுக் கடனும் வாகனக் கடனும் உள்ள குடும்பத்திற்கு இரண்டு நாள் ஊதியம் சிறு தொகை அன்று. விரும்பிச் செல்பவரை நான் தடுக்கவில்லை. தோட்டத்திலும் மற்ற விடுமுறைகளில் இரட்டைக் கூலிக்காக வெட்டப் போனவர் உண்டு. ஆனால் விரும்பிப் போவது வேறு, முறைப்பட்டியலில் பெயர் விழுந்ததால் போவது வேறு. 'மறுத்தால் மதிப்பீட்டில் குறையும்' என்ற அச்சத்தில் போவது முற்றிலும் வேறு.

"இப்படியெல்லாம் கேட்டால் நிறுவனம் வேறு நாட்டுக்குப் போய்விடும்" என்பது கடைசி வாதம். 1972இல் பினாங்கு பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக வட்டாரம் தொடங்கியபோது வந்த இன்டெலும் பாஷும் இன்றும் அங்கே இருக்கின்றன. இதற்கிடையில் நாட்டின் விடுமுறைகள் கூடியிருக்கின்றன, குறையவில்லை. நிறுவனங்கள் வருவதும் போவதும் வரி, நிலம், திறன், ஊதியம் எனப் பல காரணங்களால். தீபாவளிக்கு ஒரு நாள் அடைத்ததால் மூட்டை கட்டிய நிறுவனம் எது? சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

நல்லதையும் சொல்லியாக வேண்டும். விடுதலையின் பொன்விழா ஆண்டான 2007இல் பெட்ரோனாஸ் வெளியிட்ட தேசிய தின விளம்பரத்தை மூத்த ஆசிரியர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சீனச் சிறுவன் ஒருவன் தன் மலாய்த் தோழியைப் பற்றிக் கள்ளமின்றிப் பேசும் அந்தச் சிறு படம். அதை உருவாக்கியவர் 2009இல் மறைந்த இயக்குநர் யஸ்மின் அகமது. அவர் பணியாற்றியது சிகாகோவில் பிறந்த லியோ பர்னெட் என்ற விளம்பர நிறுவனத்தின் கோலாலம்பூர்க் கிளையில். ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் கிளையிலிருந்தே இந்நாட்டு மக்கள் நெஞ்சில் நிற்கும் தேசிய தினப் படைப்பு வந்திருக்கிறது! ஆகவே குற்றம் 'பன்னாட்டு' என்ற சொல்லில் இல்லை. அந்தப் படத்தில் குழந்தைகள் தாங்களாகவே பேசினர். எவரோ எழுதித் தந்த பண்பாட்டை அணிந்துகொண்டு நிற்கவில்லை. வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

வகுப்பறையில் கண்டது

இது பெரியவர்களின் வேலை விவகாரம், தமிழ்ப்பள்ளி ஆசிரியைக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். விடுமுறை முடிந்த மறுநாள் அந்தக் கணக்கு என் வகுப்பறைக்குத்தான் வருகிறது.

நான்காம் ஆண்டு மாணவர்களுக்குத் 'தேசிய தினத்தன்று என் குடும்பம்' என்று கட்டுரை எழுதக் கொடுத்தேன். அணிவகுப்பைத் தொலைக்காட்சியில் பார்த்ததாகவும், லம்பாக் மலை அடிவாரத்திற்குப் போனதாகவும் சிலர் எழுதினர். ஒரு சிறுமி இவ்வாறு எழுதியிருந்தாள்: அம்மா அலுவலகத்தில் தேசிய தினம் கொண்டாடினார், நாங்கள் பாட்டி வீட்டிலிருந்து கைப்பேசியில் பார்த்தோம். இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வாக்கியத்தில் ஒரு குடும்பம் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. நாட்டின் நாளை அந்தத் தாய் தம் பிள்ளையோடு கழிக்காமல் மனிதவளப் பிரிவோடு கழித்திருக்கிறார். அது அவரின் தேர்வு அன்று.

பத்து வயதுப் பிள்ளை 'தேசம்' என்ற சொல்லை எங்கே கற்கிறது? பாடநூலில் பாதி. மீதியை அன்று காலையில் தந்தை வாசலில் கொடியைக் கட்டும்போது, 'இது எதற்கப்பா?' என்று கேட்டு, அவர் தமக்குத் தெரிந்ததைச் சொல்லக் கேட்டுக் கற்கிறது. 'உன் பாட்டன் அன்று தோட்டத்தில் எப்படி இருந்தார் தெரியுமா?' என்ற கதையை எந்தப் பாடநூலும் சொல்லாது. தந்தை சொல்ல வேண்டும், அதற்குத் தந்தை வீட்டில் இருக்க வேண்டும். தீபாவளியும் அவ்வாறே. எண்ணெய்க் குளியலின் பொருளை எவ்வளவுதான் கரும்பலகையில் எழுதினாலும், தலையில் எண்ணெய் வைக்கும் கை தாயின் கையாக இருக்க வேண்டாமா?

செய்யத்தக்கவை

குறை கூறுவதோடு நிற்பது ஆசிரியருக்கு அழகன்று. எனவே சில சொல்கிறேன்.

பெற்றோர்களே! டிசம்பர் மாதத்தில் உங்கள் பணியிடத்தின் விடுமுறை அறிவிப்பைத் தேடிப் படியுங்கள். அது ஒட்டப்படவில்லை என்றால் பணிவோடு கேளுங்கள், கேட்பது குற்றமன்று. ஆறு நாள்களில் தீபாவளி உள்ளதா என்று பாருங்கள். 'மாற்று விடுமுறைக்கு இணங்குகிறேன்' என்ற தாளில் படிக்காமல் கையொப்பம் இடாதீர்கள், உங்கள் இணக்கம் இல்லாமல் அந்த மாற்று செல்லாது. கட்டாய ஐந்து நாள்களில் வேலை செய்திருந்தால் ஊதியச் சீட்டைச் சரிபாருங்கள். ஐயம் இருந்தால் தொழிலாளர் இலாகாவை அணுகுங்கள். தனியே கேட்கத் தயங்கினால் நால்வர் சேர்ந்து கேளுங்கள். சக ஊழியரான சீனரும் மலாய்க்காரரும் உங்கள் பக்கம் நிற்பர். அவர்களின் பெருநாளும் இதே பட்டியலில்தான் இருக்கிறது. அவர்களின் பெருநாளன்று நீங்கள் முறையேற்று உதவுங்கள், உங்கள் பெருநாளன்று அவர்கள் உதவுவர். அதுதான் மெய்யான பல்லின ஒற்றுமை.

அலுவலகங்களில் மேலாளராகவோ குழுத் தலைவராகவோ இருக்கும் நம்மவர்களே! முறைப்பட்டியலை எழுதுவது உங்கள் கை. பள்ளி செல்லும் பிள்ளை உள்ளவரின் பெயரை விழா நாளில் எழுதுமுன் ஒரு கணம் நிறுத்துங்கள். கோலப் போட்டிக்கு ஒதுக்கும் பணத்தில் பாதியையேனும் அன்று கட்டாயம் பணிபுரிய வேண்டியவருக்குக் கூடுதல் ஊதியமாகக் கேட்டு வாங்கிக் கொடுங்கள். 4,000 ரிங்கிட் கோட்டுக்கு மேலுள்ளவருக்குச் சட்டம் தராததை நிறுவனம் தானே முன்வந்து தரலாம், தடுப்பார் எவருமில்லை.

ஆசிரியர்களே! தேசிய தினத்தையொட்டிய பள்ளி விழாவில் கொடி அசைப்பதோடு நில்லாமல், ஒவ்வொரு மாணவரையும் வீட்டில் ஒரு கேள்வி கேட்டு வரச் செய்வோம்: 'நம் குடும்பம் இந்நாட்டுக்கு எப்படி வந்தது?' அந்தக் கேள்வியை வைத்து உட்கார ஒரு நாள் வேண்டும். அப்போது பெற்றோருக்கே தெரியவரும், அந்த நாள் தம்மிடம் இருக்கிறதா இல்லையா என்று. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்கி, மேற்சொன்ன சட்ட விவரங்களை எளிய தமிழில் எடுத்துச் சொல்வோம். உரிமை அறியாத பெற்றோரின் பிள்ளைக்குக் குடியியல் கற்பிப்பது ஓட்டைப் பானையில் நீர் வார்ப்பதாகும்.

நிறுவனங்கள் கோலம் போடட்டும், கொடி கட்டட்டும், முறுக்கும் கேக்கும் பகிரட்டும். விழாவுக்கு முதல் நாள் அவற்றையெல்லாம் மகிழ்ச்சியோடு செய்து, படமும் எடுத்து, பிறகு விளக்கை அணைத்துக் கதவைப் பூட்டிவிட்டு எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பட்டும். விழா நாளன்று பூட்டிக் கிடக்கும் அலுவலகமே இந்நாட்டின் பண்பாட்டை மதிக்கும் அலுவலகம்.